பேக்லிங்க்: எது எடைபெறும், எது வீணாகும்

ஒரு இணையதளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவதில் பிற தளங்களின் இணைப்புகளுக்கு எவ்வளவு பங்கு? இந்தக் கேள்விக்குக் கூகுள் தரப்பிலிருந்தே வெவ்வேறு பதில்கள் வந்திருக்கின்றன. 2016 மார்ச்சில் கூகுளைச் சேர்ந்த ஆந்திரே லிபாட்செவ், பக்கத்தின் உள்ளடக்கமும் அதைச் சுட்டும் இணைப்புகளும்தான் முதல் இரண்டு காரணிகள் என்றார். 2023 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் கேரி இல்யேஷ், இணைப்புகள் முதல் மூன்று இடங்களில்கூட இல்லை, மக்கள் அவற்றை மிகையாக மதிக்கிறார்கள் என்றார். 2024 மார்ச்சில் கூகுளின் ஸ்பேம் விதிகள் (தேடலை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிரானவை) பக்கத்தில் இணைப்புகள் 'முக்கியமான காரணி' என்றிருந்த இடத்தில் 'முக்கியமான' என்ற சொல் நீக்கப்பட்டது.

மறுபக்கம், தளம் வைத்திருப்பவர்களின் மின்னஞ்சலில் 'ஆயிரம் பேக்லிங்க் தருகிறோம், எல்லாம் டிஏ 50க்கு மேல்' என்ற விளம்பரம் ஓய்வதே இல்லை (டிஏ என்பது தளத்தின் வலுவைக் காட்ட ஒரு தனியார் நிறுவனம் தரும் மதிப்பெண்). குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் இணைப்பின் மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது, அந்தக் கணக்கு எங்கே உடைந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்று வரிசையாகப் பார்த்தால் மேலே உள்ள மூன்று பதில்களும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். பணம் கொடுத்து வாங்கும் இணைப்புகளைவிட, தானாக வந்து சேர்ந்த இணைப்புகளைத் தொலைக்காமல் இருப்பதுதான் ஏன் பெரிய வேலை என்பதும் புரியும்.

முதலில் சில சொற்கள்

பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் இணைப்பு. உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டினால் அது உள் இணைப்பு. வாசகர் சொடுக்கும் எழுத்துப் பகுதி ஆங்கர் டெக்ஸ்ட். தேடுபொறி அனுப்பும் நிரல் பக்கம் பக்கமாகப் போய்ப் படிப்பது கிரால் செய்தல். படித்ததைத் தன் கிடங்கில் சேர்த்துக்கொள்வது இண்டெக்ஸ் செய்தல். கிரால் செய்யப்படாத பக்கத்தில் இருக்கும் இணைப்பு, தேடுபொறியைப் பொறுத்தவரை இல்லாத இணைப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகும்.

பேஜ்ரேங்க்: கணக்கு இதுதான்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட முறைதான் பேஜ்ரேங்க். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் தரத்தை அளக்கும் பழக்கம் கல்வித் துறையில் முன்பே இருந்தது. அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தன. ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தாலே மேலே வந்துவிடலாம் என்ற நிலை அப்போது இருந்தது.

கணக்கு சுருக்கமானது. ஒரு பக்கத்தைச் சுட்டும் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் எடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து மொத்தம் எத்தனை இணைப்புகள் வெளியே போகின்றனவோ அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பவற்றைக் கூட்டி, 0.85ஆல் பெருக்கி, 0.15ஐச் சேருங்கள். அதுவே பக்கத்தின் மதிப்பு. வாசகர் ஒருவர் இணைப்புகளைக் கண்போன போக்கில் சொடுக்கிக்கொண்டே போகிறார், சலித்துப்போனால் வேறெங்காவது தாவுகிறார் என்று வைத்துக்கொண்டால், சொடுக்குவதற்கான வாய்ப்பு 85 விழுக்காடு, தாவுவதற்கான வாய்ப்பு 15 விழுக்காடு. எண்கள் அங்கிருந்து வந்தவை.

சுட்டும் பக்கத்தின் மதிப்பு, அதைச் சுட்டும் பக்கங்களைச் சார்ந்தது. அவை வேறு பக்கங்களைச் சார்ந்தவை. எனவே ஒரே மூச்சில் விடை கிடைக்காது. எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு தொடக்க மதிப்பைக் கொடுத்துவிட்டு, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பில் சுமார் 52 சுற்றுகளில் விடை நிலைபெற்றதாக அவர்களின் ஆய்வறிக்கை சொன்னது.

இப்போது மூன்று இணைப்புகளை ஒப்பிடுவோம்.

1. மதிப்பு 4 உள்ள ஒரு பக்கம். அதில் வெளியே போகும் இணைப்புகள் நான்கு. அவற்றில் ஒன்று உங்களுக்கு. கிடைப்பது 4 ÷ 4 × 0.85 = 0.85.

2. யாருமே சுட்டாத ஒரு புதுப் பக்கம். அதன் மதிப்பு 0.15. அது உங்களை மட்டும் சுட்டுகிறது. கிடைப்பது 0.1275. முதல் இணைப்புக்கு ஈடாக இப்படி ஏழு வேண்டும்.

3. யாருமே சுட்டாத, ஆனால் 50 தளங்களின் பட்டியலைப் போட்டு வைத்திருக்கும் பக்கம். 0.15 ÷ 50 × 0.85 = 0.00255. முதல் இணைப்புக்கு ஈடாக இப்படி 334 வேண்டும்.

மலிவாக விற்கப்படும் பேக்லிங்குகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகை. 1998ஆம் ஆண்டின் கணக்கிலேயே அவற்றுக்கு இவ்வளவுதான் எடை.

0.15 என்ற ஓட்டை

அந்தக் கணக்கில் ஒரு பலவீனமும் இருந்தது. யாரும் சுட்டாத பக்கத்துக்கும் 0.15 இலவசமாகக் கிடைக்கிறது. எனவே பத்தாயிரம் வெற்றுப் பக்கங்களை நிரலால் உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தைச் சுட்ட வைத்தால், 10,000 × 0.1275 = 1,275 மதிப்பு அந்த ஒரு பக்கத்தில் போய்க் குவியும். உண்மையான வாசகர் ஒருவர்கூட இல்லாமல், மதிப்பைச் சுயமாக உற்பத்தி செய்துகொள்ள முடிந்தது. லிங்க் பண்ணைகள் என்று பேர்பெற்றவை இந்த ஓட்டையில் முளைத்தவைதான்.

இதற்கு மாற்று, எல்லாப் பக்கங்களுக்கும் இலவச மதிப்புத் தருவதை நிறுத்துவது. 2004இல் ஸ்டான்ஃபோர்டு, யாஹூ ஆய்வாளர்கள் டிரஸ்ட்ரேங்க் என்ற முறையை முன்வைத்தார்கள். மனிதர்கள் பார்த்து நல்லவை என்று தேர்ந்த சில தளங்களை விதைகளாக வைத்துக்கொண்டு, நம்பிக்கை அங்கிருந்து மட்டும் இணைப்பு வழியாகப் பரவும்படி கணக்கிடுவது அதன் சாரம். விதையிலிருந்து தூரம் கூடக்கூட நம்பிக்கை குறையும். பத்தாயிரம் வெற்றுப் பக்கங்கள் தங்களுக்குள் எவ்வளவு கைகோத்துக்கொண்டாலும் விதைத் தளம் எதிலிருந்தும் நேராகவோ மறைமுகமாகவோ அவற்றுக்கு இணைப்பு வரவில்லை என்றால் மொத்த மதிப்பு பூஜ்யம்.

கூகுளும் இதே திசையில்தான் போயிருக்கிறது. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கின் ஆவணங்களில், இன்றைய பேஜ்ரேங்க் என்பது நல்லதென்று அறியப்பட்ட ஒரு மூலத்திலிருந்து உள்ள தூரத்தைக் குறிக்கும் ஒற்றைச் சமிக்ஞை, அது பக்கத்தின் தர மதிப்பெண்ணுக்குள் போகும் உள்ளீடுகளில் ஒன்று என்று விவரிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் பார்த்த முரண் இங்கே தீர்கிறது. இணைப்பு இன்றும் கணக்கில் இருக்கிறது. ஆனால் அது பல உள்ளீடுகளில் ஒன்று; அதிலும் எண்ணிக்கையைவிட, எங்கிருந்து வருகிறது என்பதற்கே எடை. எண்ணிக்கையைப் பெருக்கப் பாடுபடுபவர்களிடம் கூகுள்காரர்கள் 'அதை மிகையாக மதிக்காதீர்கள்' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆங்கர் டெக்ஸ்ட் எதைச் சொல்கிறது

பேஜ்ரேங்க் ஒரு பக்கம் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று சொல்லும். அது எதைப் பற்றியது என்று சொல்லாது. அந்த வேலையில் ஒரு பகுதியை ஆங்கர் டெக்ஸ்ட் செய்கிறது. பக்கத்தில் இல்லாத சொல்லுக்குக்கூட அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவரும் வலு அதற்கு உண்டு என்பது 2003இல் உலகுக்கே தெரிந்தது. 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரில் இணைப்புக் கொடுத்து, பலர் சேர்ந்து ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்தைச் சுட்டினார்கள். அந்தச் சொற்றொடர் அங்கே எங்கும் இல்லை. இருந்தும் கூகுளில் அதைத் தேடினால் அந்தப் பக்கமே முதலில் வந்தது. 2007 ஜனவரியில்தான் கூகுள் நிரலை மாற்றி இதை அடக்கியது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள். ஒன்று, 'இங்கே சொடுக்கவும்', 'மேலும் படிக்க' என்ற சொற்களில் இணைப்பைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்ற தகவல் தேடுபொறிக்குப் போய்ச் சேராது. 'பட்டா மாறுதல் விண்ணப்பிக்கும் முறை' என்ற சொற்களில் இணைப்புக் கொடுத்தால் போய்ச் சேரும். உங்கள் தளத்தின் உள் இணைப்புகளில் இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, பலர் செய்வதில்லை. இரண்டு, வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளும் விற்பனைக்கு ஏற்ற ஒரே சொற்றொடரில் இருந்தால் அது இயல்பானது அல்ல. மக்கள் தாமாகச் சுட்டும்போது தளத்தின் பெயர், கட்டுரைத் தலைப்பு, வெறும் முகவரி, அரைகுறை வாக்கியம் என்று கலந்துதான் வரும்.

எந்த இணைப்பு கணக்கில் வரும்

ஒரு இணைப்பு கண்ணுக்குத் தெரிவதாலேயே கணக்கில் வந்துவிடாது. பின்வருவனவற்றை வரிசையாகச் சரிபார்க்கலாம்.

1. அது முகவரி தாங்கிய உண்மையான இணைப்புக் குறியீடாகப் பக்கத்தின் எச்டிஎம்எல் மூலக் குறியீட்டில் இருக்க வேண்டும். சொடுக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கம் மாறும் பொத்தான்களில் முகவரி இருக்காது. கூகுளின் நிரல் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் இல்லை.

2. இணைப்பு இருக்கும் பக்கம் இண்டெக்ஸ் ஆகியிருக்க வேண்டும். நோஇண்டெக்ஸ் (இண்டெக்ஸ் செய்யாதே) என்ற குறி உள்ள பக்கங்களைக் கூகுள் நாளடைவில் கிரால் செய்வதைக் குறைத்துவிடும்; அதிலுள்ள இணைப்புகளையும் பின்தொடராது.

3. நோஃபாலோ குறி, அதாவது இந்த இணைப்புக்கு மதிப்புத் தராதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி, இருக்கிறதா என்று பாருங்கள். பின்னூட்டங்களில் குவிந்த ஸ்பேமைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த குறி இது. 2019 செப்டம்பரில் விளம்பர இணைப்புக்கு ஸ்பான்சர்டு, வாசகர் எழுதியதற்கு யூஜிசி என்ற இரண்டு குறிகள் சேர்ந்தன. அதுமுதல் கூகுள் இவற்றைத் தடையாணையாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள், தமிழ் விக்கி உட்பட, நோஃபாலோதான். வாசகர் வருவார், அந்த அளவில் அது பயன். தரவரிசைக்காக விக்கியில் இணைப்பைச் செருகுவது விக்கிக்கும் கேடு, உங்களுக்கும் பயனில்லை.

4. பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? கூகுள் 2004இல் விண்ணப்பித்து 2010இல் பெற்ற ஒரு காப்புரிமை, வாசகர் சொடுக்க வாய்ப்பு அதிகமுள்ள இணைப்புக்கு அதிக எடை தரும் முறையை விவரிக்கிறது. கட்டுரையின் நடுவே, பொருத்தமான வாக்கியத்தில் இருப்பதும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எல்லாப் பக்கங்களிலும் ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல.

5. சுட்டும் தளத்தின் பொருளுக்கும் உங்கள் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறதா? விவசாயத் தளத்திலிருந்து சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய கட்டுரைக்கு இணைப்பு வருவது இயல்பு. சூதாட்டத் தளத்திலிருந்து வந்தால் அதற்கு விளக்கம் தேவைப்படும்.

டிஏ, டிஆர் என்ற எண்கள் இந்தப் பட்டியலில் இல்லை. டிஏ என்பது மாஸ் நிறுவனமும் டிஆர் என்பது அஹ்ரெஃப்ஸ் நிறுவனமும் தாமாகக் கணக்கிடும் 100க்கு உட்பட்ட மதிப்பெண்கள். கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. தளங்களைத் தோராயமாக ஒப்பிட உதவும். செயற்கையாக ஏற்றவும் முடியும் என்பதால் விலை பேசும் அளவுகோலாக இவற்றை நம்பக் கூடாது. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை உலாவியில் சேர்க்கும் டூல்பாரில் காட்டிவந்த காலம் உண்டு. 2016இல் அதை முற்றிலும் எடுத்துவிட்டது. அந்த எண்ணைக் காட்டியே இணைப்பு வியாபாரம் நடந்தது என்பதைப் பார்க்கும்போது எடுத்தது நல்லதுதான்.

விலைக்கு வாங்கினால் என்ன நடக்கும்

நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 2010 இறுதியில், அமெரிக்காவில் பண்டிகைக் கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது, ஜே.சி.பென்னி என்ற சங்கிலிக் கடை கூகுளில் உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் முதலிடத்தில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்ததில், தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து விற்பனைச் சொற்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் இருந்தது தெரிந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். 2011 பிப்ரவரியில் கூகுள் கையால், அதாவது நிரலுக்கு விடாமல் ஊழியர்கள் மூலம், நடவடிக்கை எடுத்தது. அந்த நாளிதழ் கண்காணித்த 59 தேடல் சொற்களில் கடையின் சராசரி இடம் பிப்ரவரி 1இல் 1.3, பிப்ரவரி 10இல் 52.

கையால் பிடிப்பதில் எல்லை உண்டு. எனவே 2012 ஏப்ரல் 24இல் பெங்குவின் என்ற நிரல் மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 விழுக்காடு பாதிக்கப்படும் என்று கூகுள் அறிவித்தது. பெங்குவின் அடித்த தளங்கள், இணைப்புகளை அகற்றிவிட்டு அடுத்த பெங்குவின் ஓட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வியாபாரத்தையே இழந்தவர்கள் உண்டு. போட்டியாளர் தளத்துக்கு மோசமான இணைப்புகளை அனுப்பிக் கவிழ்க்க முடியுமோ என்ற அச்சமும் அப்போதுதான் பரவியது.

2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய நிரலுக்குள் சேர்ந்தபோது அணுகுமுறை மாறியது. மோசமான இணைப்புக்காகத் தளத்தையே கீழே இறக்குவதைவிட, அந்த இணைப்பின் மதிப்பை மட்டும் பூஜ்யமாக்குவது வழக்கமானது. 2022 டிசம்பரில் வந்த மாற்றத்தில் ஸ்பேம்பிரெய்ன் என்ற இயந்திரக் கற்றல் முறை, இணைப்பை விற்கும் தளங்களையும் வாங்கும் தளங்களையும் அடையாளம் காணத் தொடங்கியது.

வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது, தண்டனை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது. எச்சரிக்கை எதுவும் வராது, தளம் சட்டென்று கீழே போகாது. இணைப்பு அங்கேயே நிற்கும், விற்றவரின் அறிக்கையில் பச்சை நிறத்தில் எண்ணிக்கையும் காட்டும். தேடுபொறியின் கணக்கில் மட்டும் அதற்கு எடை இராது. சிறு வியாபாரிகள் மாதாமாதம் பணம் கட்டி ஏமாறுவது இந்த இடத்தில்தான். இந்தச் செலவை, துறையில் உள்ளவர்கள் எடுத்துக்காட்டத் தகுந்த ஒரு விலைப் பட்டியலோ, அளவு அட்டவணையோ, கள விவரமோ தயாரிக்கச் செலவிட்டால் இணைப்பு தானாக வர வழி பிறக்கும்.

வேறொருவர் தளத்தில் விருந்தினர் கட்டுரை எழுதுவது குற்றமல்ல. இணைப்புக்காகவே மொத்தமாக எழுதிப் பல தளங்களில் போடுவதும், பணமோ பொருளோ கொடுத்துவிட்டு ஸ்பான்சர்டு குறி இல்லாமல் இணைப்புப் பெறுவதும்தான் விதிமீறல். 'நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்' என்று அளவுக்கு மீறிச் செய்யும் பரிமாற்றமும் அதே கணக்கு. காலாவதியான டொமைனை (தளத்தின் பெயர் முகவரியை) அதன் பழைய நற்பெயருக்காக வாங்கி வேறு சரக்கைப் போடுவது 2024 மார்ச் முதல் தனி விதிமீறலாகப் பட்டியலில் இருக்கிறது.

தமிழ்த் தளங்களின் நிலை

தமிழில் பகிர்வு பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பைத் தேடுபொறி பார்க்கவே முடியாது. முகநூல் இணைப்புகள் நோஃபாலோவாக இருக்கும், அல்லது உள்நுழைவுக்குப் பின்னால் இருக்கும். தமிழ்ச் செய்தித் தளங்கள் மூலத்தைச் சுட்டுவது குறைவு. கட்டுரையை முழுதாக எடுத்துப் போட்டுவிட்டு 'நன்றி: இணையம்' என்று ஒரு வரி போடுவார்கள், எழுதியவருக்கு வாசகரும் போவதில்லை, இணைப்பும் போவதில்லை. இது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. எடுத்துப் போட்ட தளம் வலுவானதாக இருந்தால், தேடலில் மூலத்துக்கு முன்னால் நகலே நிற்கும் நிலை வருகிறது. மூலத்துக்கு ஒரு இணைப்புக் கொடுத்திருந்தால் எது முதலில் வந்தது என்று தேடுபொறிக்கு ஒரு தடயமாவது கிடைத்திருக்கும்.

தமிழ் வலையில் இணைப்புகள் அரிதாக இருப்பதால், இங்கே ஒரு நல்ல இணைப்புக்கு ஆங்கிலத்தைவிட அதிக வேலை இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால்தான் வந்ததைத் தொலைப்பது இன்னும் பெரிய இழப்பு. தொலைவதற்குத் தமிழில் ஒரு தனிக் காரணமும் உண்டு: முகவரியில் தமிழ் எழுத்து.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். முகவரியில் அது 45 எழுத்து. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துக்கு மேல் இடம் தருவதில்லை. 'பொங்கல் வைக்க நல்ல நேரம்' என்ற தலைப்பே இடைக்கோடுகளோடு 192 எழுத்தைப் பிடித்துவிடும். ஐந்தாவதாக 'எது' என்று சேர்த்தால் அது வெட்டுப்படும். முதல் நான்கு சொற்கள் ஒன்றாக உள்ள இரண்டு பதிவுகளின் முகவரிகள் ஒன்றோடொன்று மோதி, பின்னால் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவையில் வேறு கதை. தமிழ்த் தலைப்பை அது விட்டுவிட்டு பிளாக்-போஸ்ட் என்ற சொல்லோடு ஒரு எண்ணைப் போட்டு முகவரி அமைக்கும்.

கூகுளுக்குத் தமிழ் முகவரியால் சிக்கல் இல்லை, தரவரிசையும் குறையாது. சிக்கல் மனிதர்கள் நகலெடுத்து ஒட்டும்போது வருகிறது. நீண்ட முகவரி பாதியில் வெட்டுப்படும். சில செயலிகள் புள்ளியோ துணைக்காலோ வந்த இடத்திலேயே இணைப்பை முறித்துவிடும். யாரோ அன்போடு கொடுத்த இணைப்பு 404 என்ற 'பக்கம் இல்லை' செய்தியில் போய் முட்டும். ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களில், அல்லது தமிழில் ஓரிரு சொற்களில் முகவரியை முதலிலேயே நீங்களே அமைத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே வெளியான பதிவின் முகவரியை அழகுக்காக மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துத் திருப்பிவிடும் என்றாலும், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்த நினைவு உடன் வராது.

வந்த இணைப்பைத் தொலைக்காமல் காப்பது

தளத்தைப் புதுப்பிக்கும்போதும் டொமைன் மாற்றும்போதும்தான் இணைப்புகள் மொத்தமாகப் போகின்றன. செய்ய வேண்டியவை:

1. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் லிங்க்ஸ் பகுதிக்குப் போய், வெளியிலிருந்து அதிகம் சுட்டப்படும் பக்கங்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். திரையில் 1,000 வரிகள்வரைதான் தெரியும். சிறு தளத்துக்கு இது போதும். இண்டெக்ஸ் அறிக்கையில் 404 என்று காட்டப்படும் முகவரிகளையும், சர்வர் பதிவேட்டில் 404 பெற்ற முகவரிகளையும் இதோடு சேருங்கள். மாற்றத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

2. ஒவ்வொரு பழைய முகவரிக்கும் நேரான புதிய முகவரியை எழுதி, சர்வர் நிலையில் 301 திருப்பல் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது என்ற அறிவிப்பு) போடுங்கள். 301, 302 போன்ற திருப்பல்களால் பேஜ்ரேங்க் குறைவதில்லை என்று கூகுள் 2016இல் தெளிவுபடுத்தியது.

3. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. பொருந்தாத இடத்துக்குப் போகும் திருப்பலைக் கூகுள் சாஃப்ட் 404, அதாவது பக்கமே இல்லாததற்குச் சமம், என்று எடுத்துக்கொள்ளும். இணைப்பின் மதிப்பு போய்விடும். நிகரான பக்கம் இல்லையென்றால் 404ஆகவே விடுவதுதான் நேர்மை.

4. ஒரு திருப்பல் இன்னொன்றுக்கும், அது மூன்றாவதற்கும் போகும் சங்கிலியை அறுத்து நேராக்குங்கள். கூகுளின் நிரல் பத்துத் தாவல்கள்வரை பின்தொடரும் என்றாலும் ஒவ்வொரு தாவலும் வாசகருக்குத் தாமதம். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் என்று நான்கு வடிவங்களும் ஒரே தாவலில் ஒரே முகவரிக்குப் போகின்றனவா என்று தனித்தனியே சோதியுங்கள்.

5. பழைய டொமைனைக் குறைந்தது ஓராண்டு கையில் வைத்திருங்கள் என்கிறது கூகுள். புதுப்பிப்புக் கட்டணம் சிறிது. முடிந்தவரை விடாமல் வைத்திருப்பதே சரி. கைவிட்ட டொமைனை வேறொருவர் வாங்கினால் உங்களுக்கு வந்த எல்லா இணைப்புகளும் அவருடையவை.

6. இணைப்பு வந்திருக்கும் பக்கம் எது, நீங்கள் உயர்த்த விரும்பும் பக்கம் எது என்று பாருங்கள். இரண்டும் வேறு என்றால் முதல் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு நடுவே இரண்டாவதற்கு ஒரு உள் இணைப்புக் கொடுங்கள். வெளியிலிருந்து வந்த மதிப்பு தளத்துக்குள் இந்த வழியில்தான் பாயும். உள் இணைப்புகளில் நோஃபாலோ போட்டு மதிப்பைச் சேமிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பத்து இணைப்புகளில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டால் மிச்ச ஐந்தும் முன்போலவே பத்தில் ஒரு பங்குதான் பெறும், மற்றது வீணாகும் என்று கூகுள் 2009இல் அறிவித்துவிட்டது.

டிஸவோ எப்போது

வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் கருவி டிஸவோ. 2012 அக்டோபரில் வந்தது. பெரும்பாலான தளங்களுக்கு இது தேவையே இல்லை. யாரென்று தெரியாத வெளிநாட்டுத் தளங்கள் உங்களைச் சுட்டுவது எல்லாத் தளங்களுக்கும் நடப்பது. கூகுள் அவற்றைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. 'நச்சு இணைப்புகள்' என்று சில கருவிகள் சிவப்பில் காட்டும் பட்டியலை அப்படியே டிஸவோ செய்தவர்கள், உதவிக்கொண்டிருந்த இணைப்புகளையும் சேர்த்து வெட்டிக்கொள்ள நேரும்.

தேவைப்படும் நிலைகள் இரண்டு. சர்ச் கன்சோலில் கையால் எடுத்த நடவடிக்கை என்ற பகுதியில், உங்கள் தளத்துக்கு இயல்பற்ற இணைப்புகள் வருவதாக அறிவிப்பு வந்திருப்பது ஒன்று. நீங்களோ நீங்கள் அமர்த்தியவரோ பெருமளவில் இணைப்பு வாங்கியது உறுதியாகத் தெரிந்து, அப்படி ஒரு நடவடிக்கை வரக்கூடும் என்ற நிலை மற்றது. அப்போதும் முதலில் இணைப்பை அகற்றச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். அகற்ற முடியாதவற்றை மட்டும் வெறும் எழுத்துக் கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். முழுத் தளத்தையும் விலக்க, தளப் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் டொமைன் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் வர வேண்டும். கோப்பு 2 எம்பிக்குள்ளும் 1,00,000 வரிகளுக்குள்ளும் இருக்க வேண்டும். புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுதாக மாறிவிடும் என்பதால் பழைய வரிகளையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். சர்ச் கன்சோலில் டொமைன் வகையாகப் பதிந்த தளத்துக்கு இந்தக் கருவி வேலை செய்யாது. முகவரி முன்னொட்டு வகையில் தனியாகப் பதிய வேண்டும்.

கோப்பை ஏற்றியதும் மாற்றம் தெரியாது. சுட்டும் பக்கங்கள் ஒவ்வொன்றும் மறுபடி கிரால் ஆகும்போதுதான் அது நடைமுறைக்கு வரும், வாரக்கணக்கில் ஆகும். கையால் எடுத்த நடவடிக்கை என்றால், அகற்றியவை எவை, விலக்கியவை எவை, யாருக்கு எழுதினீர்கள் என்ற விவரங்களோடு மறுபரிசீலனை விண்ணப்பம் அனுப்ப வேண்டும். நடவடிக்கை விலகிய பிறகும் தளம் பழைய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். முன்பு அதை அங்கே நிறுத்தியிருந்தவை அந்த வாங்கிய இணைப்புகளே என்றால், அவை போனபின் மிஞ்சியிருக்கும் இடம்தான் தளத்தின் உண்மையான இடம்.